சன்னல் கண்ணாடிக்கும் ஓர் எண் வேண்டும்

மின்சாரச் சிக்கனம் பற்றி நம் நாட்டில் 2025ஆம் ஆண்டில் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஜனவரி 1ஆம் தேதி, 2024ஆம் ஆண்டின் ஆற்றல் செயல்திறன், சேமிப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. ஜூலை 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் புதிய மின் கட்டண முறை தொடங்கியது. மாதம் 1,000 கிலோவாட் மணி வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு இப்போது ஊக்கக் கழிவு உண்டு. 600ஐத் தாண்டாத வீடுகளுக்கு 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணமும் இல்லை.

சட்டத்தின் கவனம் அதிக ஆற்றலை விழுங்கும் தொழிற்சாலைகள், பெரிய அலுவலகக் கட்டடங்கள், மின்சாதனங்கள் ஆகியவற்றின் மீது இருக்கிறது. அதனால்தான் கடையில் குளிர்சாதனத்தின் மேல் நட்சத்திர முத்திரையைப் பார்க்கிறோம். ஆனால், அந்தக் குளிர்சாதனத்துக்கு வேலை வைக்கும் சன்னல் கண்ணாடிக்கு அப்படி எந்த முத்திரையும் இல்லை.

கண்ணாடி வழியாக வெப்பம் இரண்டு விதமாக வீட்டுக்குள் வருகிறது. ஒன்று, வெளிக்காற்றின் சூடு கண்ணாடி வழியே கடத்தப்படுவது. இதை அளப்பது யு-மதிப்பு. மற்றொன்று, சூரியக் கதிர் நேரே உள்ளே நுழைவது. இதை அளப்பது சூரிய வெப்ப ஏற்பு எண். அது 0.8 என்றால், கண்ணாடி மேல் விழும் சூரிய ஆற்றலில் 80 விழுக்காடு அறைக்குள் வெப்பமாகச் சேர்கிறது என்று பொருள். சாதாரணத் தெளிந்த கண்ணாடியின் எண் ஏறக்குறைய இதுதான்.

நமக்கு எது முக்கியம்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேற்குப் பார்த்த 2 சதுர மீட்டர் சன்னல். பிற்பகல் வெயில் சதுர மீட்டருக்கு 600 வாட் என வைத்துக்கொள்வோம். தெளிந்த கண்ணாடி வழியாக சுமார் 960 வாட் வெப்பம் உள்ளே வரும். வெளியே 33 பாகை, உள்ளே 25 பாகை என்றால், கடத்தலால் வருவது சுமார் 90 வாட் மட்டுமே. குளிர்நாடுகளில் புகழ்பெற்ற சாதாரண இரட்டைக் கண்ணாடி இந்த 90ஐப் பாதியாக்கும். சூரிய வெப்பத்தைச் சிறிதளவே குறைக்கும். வெப்ப ஏற்பு எண் 0.4 உள்ள கண்ணாடியோ அந்த 960ஐ 480 ஆக்கிவிடும். ஆகவே, கிள்ளான் பள்ளத்தாக்கில் கண்ணாடி வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது எத்தனை அடுக்கு என்பதை அல்ல, வெப்ப ஏற்பு எண் எவ்வளவு என்பதையே.

கறுப்பாக இருந்தால் குளிர்ச்சி என்ற எண்ணமும் சரியன்று. சூரிய ஆற்றலில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். வெள்ளியின் மிக மெல்லிய பூச்சுள்ள கண்ணாடி, வெளிச்சத்தை விட்டு அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். அந்தப் பூச்சு ஈரக்காற்றில் கெட்டுவிடும் என்பதால், இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே அடைத்து வைப்பார்கள். வெறும் கறுப்புக் கண்ணாடி வெப்பத்தை உறிஞ்சித் தானே சூடாகும். பகலிலும் விளக்குப் போட வைக்கும்.

கண்ணாடிக்கு முன்னால் நிழல் இருக்கிறது. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 3 பாகையில் இருப்பதால், நண்பகல் சூரியன் உச்சியில் நிற்கிறது. வடக்கு, தெற்குச் சன்னல்களுக்குச் சிறிய கூரை நீட்டமே போதும். தாழ்ந்து வரும் காலை, மாலை வெயிலைத்தான் கிழக்கிலும் மேற்கிலும் தடுக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் லிட்டில் இந்தியா ஆகிய இடங்களிலுள்ள பழைய கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதை, மழைக்கும் வெயிலுக்கும் சேர்த்தே கட்டப்பட்டது. சுபாங் ஜெயாவில் 1992இல் எழுந்த மெனாரா மெசினியாகாவில், கட்டடக் கலைஞர் கென் இயாங் வெயில் கடுமையாகப் படும் பக்கங்களுக்கு அலுமினியத் தடுப்புகளை வைத்தார். நம் பள்ளத்தாக்கிலேயே பாடம் இருக்கிறது.

இனி, பணக் கணக்கு. நாம் பார்த்த சன்னலில் குறையும் 480 வாட் வெப்பத்தை, நாளுக்கு 3 மணி நேரம் என்று எடுத்துக்கொள்வோம். அந்த வெப்பத்தை வெளியேற்றக் குளிர்சாதனத்துக்கு அரை கிலோவாட் மணி மின்சாரம் தேவைப்படும். கழிவுக்கு முந்திய கட்டணம் சுமார் 44 சென் என்றால், மாதச் சேமிப்பு 6 ரிங்கிட்டைச் சற்றுத் தாண்டும். சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்த, 10 சதுர மீட்டர் மேற்கு முகம் கொண்ட அடுக்குமாடி வீட்டில் அது 30 ரிங்கிட்டை எட்டும். இருக்கும் கண்ணாடியைப் பெயர்த்துவிட்டு மாற்றினால் இந்தச் சேமிப்பு செலவை ஈடுகட்டப் பல ஆண்டுகள் ஆகும். ஏற்கெனவே குடியிருப்போருக்கு வெளி நிழலும் வெப்பத்தடுப்புப் படலமும்தான் சிக்கனமான வழி. கண்ணாடியைத் தேர்ந்தெடுக்கச் சரியான நேரம், வீடு கட்டும்போதுதான்.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கண்ணாடியைத் தேர்வு செய்பவர் மேம்பாட்டாளர். மின் கட்டணம் கட்டுபவர் வீட்டை வாங்கியவர் அல்லது வாடகைக்கு இருப்பவர். மலிவான கண்ணாடியால் மிச்சமாகும் பணம் ஒருவருக்கு. அதன் வெப்பம் இன்னொருவருக்கு, முப்பது ஆண்டுகளுக்கு. அடுக்குமாடியில் வெளித்தோற்றத்தை மாற்ற நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும். அறை எடுத்துத் தங்கும் மாணவர்களுக்கோ பேசவே இடமில்லை.

இதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. வீடு வாங்கும் ஒப்பந்தத்தின் இணைப்பில் கட்டட விவரப் பட்டியல் உண்டு. அதில் சன்னலுக்கென ஒரு வரியும் உண்டு. அந்த வரியில் வெப்ப ஏற்பு எண்ணையும் எழுத வேண்டும் என்று வீடமைப்பு அமைச்சு விதித்தால் போதும். வாங்குபவர் இரண்டு வீடமைப்புத் திட்டங்களை ஒப்பிட்டுப் பார்ப்பார். போட்டி தானாக வரும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் யாராவது புது வீடு பார்க்கப் போனால், சமையலறை அலமாரியின் நிறத்தைக் கேட்பதற்கு முன், சன்னல் எந்தத் திசை, கண்ணாடியின் வெப்ப ஏற்பு எண் எவ்வளவு என்று கேட்கச் சொல்லுங்கள். விற்பனையாளருக்குப் பதில் தெரியாமல் போகலாம். பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆளுக்குப் பதில் தயாராக இருக்கும்.