பெயர் தெரியாத கடைக்குப் போன பணம்

 

ஏலாக்குறிச்சிப் பக்கம் வீடு கட்டுகிறவர்களும் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்களும் இப்போது சிமெண்ட், பைப், பெயிண்ட் எல்லாவற்றுக்கும் கார்டைத்தான் நீட்டுகிறார்கள். பிறகு ஸ்டேட்மென்ட் வரும்போது, "இது என்ன கடை? நான் இந்தக் கடைக்குப் போகவே இல்லையே" என்று பதறுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இப்படித்தான் நடந்தது. ஏதோ ஒரு 'டிரேடர்ஸ்' பெயரில் 4,720 ரூபாய் போயிருந்தது. கார்டின் ரகசிய எண் கல்லூரியில் படிக்கும் பையனுக்கும் தெரியும். விசாரிக்காமலே பழியை அவன் தலையில் போட்டுவிட்டார்கள். இரண்டு நாள் அவன் யாரோடும் பேசவில்லை. கடைசியில் அவன் அம்மா பில் கட்டைப் புரட்டினார். குழாய்ச் சாமான் 4,000 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. 720 ரூபாய். தேதியும் ஒத்துப்போனது. கடை போர்டில் ஒரு பெயர், ஸ்வைப் மெஷின் பதிவில் உரிமையாளரின் வேறொரு நிறுவனப் பெயர். அவ்வளவுதான்!

நம் ஊரில் வாழ்ந்த வீரமாமுனிவர் தமது சதுரகராதியில் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் திரட்டி ஒரு பகுதியாகவே வைத்தார். கடைக்கும் அப்படிப் பல பெயர் இருக்கலாம். ஆகவே பெயரை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். தொகையையும் தேதியையும் பில்லோடு ஒப்பிடுங்கள். வாங்கிய நாளும் ஸ்டேட்மென்டில் ஏறிய நாளும் ஓரிரு நாள் மாறி வரலாம். வீட்டில் கேளுங்கள், ஆனால் குற்றவாளியைக் கேட்பது போலக் கேட்காதீர்கள்.

அதற்காக, "பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடவும் கூடாது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையைப் படித்துப் பாருங்கள். நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் வேறு யாரோ பணத்தை எடுத்திருந்தால், வங்கியின் தகவல் நமக்குக் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் நமக்கு நஷ்டம் இல்லை. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் என்றால் ஒரு வரம்பு வரை நாம் ஏற்க வேண்டும். அதற்கும் மேல் தாமதித்தால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படிதான். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கிக்கே. ஆனால் ரகசிய எண்ணை நாமே பிறரிடம் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் நம்முடையதுதான். எனவே வங்கியின் குறுஞ்செய்தியை அன்றன்றே படியுங்கள்.

சந்தேகம் தீரவில்லையா? கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கே பேசுங்கள். இணையத்தில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்ணுக்குப் பேசினால் இருக்கிற பணமும் போய்விடலாம். புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மோசடி என்று தெரிந்தால் உடனே 1930-க்கும் அழையுங்கள்.

என்னிடம் படித்தவர்களில் கடை வைத்திருப்பவர்கள் பலர் உண்டு. உங்களுக்கு ஒரு வேண்டுகோள்: மெஷினில் எந்தப் பெயர் பதிவாகியிருக்கிறதோ அதைப் போர்டிலும் பில்லிலும் சிறிதாகவாவது போடுங்கள். ஒரு வரி எழுத்துக்கு என்ன செலவாகிவிடும்? அந்த வரி இல்லாததால்தான் ஒரு பையன் இரண்டு நாள் தன் வீட்டிலேயே திருடனாக இருந்தான்.