கால்வாய் தந்தவர் யார்?

அண்மையில் மாமல்லபுரத்தில் ஓர் இலக்கியச் சந்திப்பு. உரையாடலின் நடுவே நண்பர் ஒருவர், "வெள்ளைக்காரன் நமக்குக் கால்வாய் தந்தான், நாம் அதைச் சாக்கடையாக்கினோம்" என்றார். அவை தலையாட்டியது. பின்பாதியை ஒப்புகிறேன். முன்பாதியை ஒப்ப இயலவில்லை.

பக்கிங்காம் கால்வாயின் முதற்பகுதியை 1800களின் தொடக்கத்தில் பேசில் காக்ரேன் என்ற ஸ்காட்லாந்து வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி வெட்டுவித்து, படகுகளிடம் சுங்கம் வாங்கிக்கொண்டார். 1837இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டுக் கிலோமீட்டர் 1877-78இல், தாது வருடப் பஞ்சத்தின்போது வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் பசிக்கு அஞ்சி ஊர் விட்டு வந்தவர்கள். பஞ்ச நிவாரணப் பணியில் ஆடவன் ஒருவனுக்கு ரிச்சர்டு டெம்பிள் விதித்த நாட்கூலி ஒரு பவுண்டு தானியம், அதாவது ஏறத்தாழ 450 கிராம், அதன்மேல் ஓரணா. பெண்டிர்க்கும் சிறார்க்கும் இன்னும் குறைவு. ஆளுநர் பக்கிங்காம் கோமகன் இக்கூலியை எதிர்த்து வாதிட்டார், பின்னர் அது சற்று உயர்ந்தது என்பதையும் மறைக்கலாகாது. ஆயினும் கால்வாய்க்கு வாய்த்தது கோமகனின் பெயரே. மண் சுமந்தவர் ஒருவரின் பெயரையும் எந்த மதகிலும் நான் கண்டதில்லை.

வெட்டியபின் வந்தது சட்டம். 1890ஆம் ஆண்டின் சென்னைக் கால்வாய்கள், பொதுப் படகுத்துறைகள் சட்டம் படகுக்கு உரிமமும் பயணத்துக்குச் சுங்கமும் விதித்தது. படகில் ஏறும் உப்போ 1805 முதலே அரசின் தனியுரிமைக்குள் இருந்தது. கோவளம், மரக்காணம் உப்பளங்களில் உழைத்தவன் தான் விளைத்த உப்பைத் தானே விற்க முடியாது. கரையில் கயிறு பிடித்துப் படகை இழுத்தவன் அந்த உப்புக்கு வரியும் கொடுத்துக் கஞ்சி குடித்தான். சுங்கம் வெள்ளையனின் கண்டுபிடிப்பன்று. பட்டினப்பாலையிலேயே உல்கு உண்டு. ஆனால் சுங்கம் தவிர்த்த சோழன் என்று ஒருவனைக் கொண்டாடிய நாட்டில், வரி வாங்கியவனை வள்ளலாக்குவது ஏன் என்பதே என் வினா.

இனி நம் பங்கு. 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது, பெத்த கஞ்சம் முதல் மரக்காணம் வரை ஒரே மாகாணத்துள் ஓடிய ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீர்வழி இரண்டு அரசுகளின் சொத்தாயிற்று. ஏறத்தாழ 257 அவர்களுக்கு, 163 நமக்கு. 1965, 66ஆம் ஆண்டுப் புயல்கள் கரைகளைச் சிதைத்தன. லாரிக்குப் பழகிய அரசுகள் சீர்செய்ய விரையவில்லை. மாநிலத்தின் பெயர் 1969இல் மாறியபின், 1890ஆம் ஆண்டுச் சட்டத்தின் தலைப்பிலும் 'சென்னை' போய்த் 'தமிழ்நாடு' வந்தது. நாம் செய்த பெருந்திருத்தம் அதுவே என்று சொன்னால் நண்பர்கள் கோபிப்பார்கள், கோபிக்கட்டும். 2008இல் இக்கால்வாயையும் சேர்த்துத் தேசிய நீர்வழி 4 என்று அறிவித்தார்கள். திருக்கழுக்குன்றம் சாலைப் பாலத்தில் நின்று நான் பார்த்த நாள்களில் ஒரு சரக்குப் படகும் கடந்ததில்லை.

சென்னைக்குள் பறக்கும் ரயிலின் தூண்களை அரசே கால்வாய்க்குள் ஊன்றியது. நீர்க்கரைகளில் குடிசை போட்டவர்கள்தாம் ஆக்கிரமிப்பாளர் எனப்பட்டுக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டார்கள். தூண்கள் அங்கேயே நிற்கின்றன.