தாதியர் கேட்கும் கேள்விகள்

என் அக்காள் ஒரு தாதி. செனாவாங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவருடைய 555 புத்தகம் எப்போதும் கிடக்கும். கடைக்காரர்கள் கடன் கணக்கு எழுதும் அதே சின்னப் புத்தகம்தான். அக்காள் அதில் எழுதுவது கால்புண் கணக்கு.

இனிப்புநீர் நோயால் புண் கண்டு, கட்டு மாற்ற வருகிறவர்களிடம் அவர் பேச்சுக் கொடுப்பார். என்ன வேலை, எந்த ஷிப்டு, எத்தனை மணி நேரம் பூட்ஸ் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்பார். பெயர் எழுதுவதில்லை. தொழிற்பேட்டையில் இரவு வேலை பார்க்கும் நம்மவர்கள் புண் முற்றிய பிறகே ஏன் வருகிறார்கள் என்பதுதான் அவருடைய கேள்வி. பூட்ஸா? தூக்கமின்மையா? விடுப்பு எடுத்தால் சம்பளம் போய்விடும் என்ற பயமா? ஒருமுறை மேலதிகாரி ஒருவரிடம் இதைச் சொல்லியிருக்கிறார். “அதெல்லாம் டாக்டர்கள் வேலை, நீங்கள் கட்டுப் போடுங்கள்” என்று பதில் வந்ததாம். அக்காள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நண்பர்களே, மருத்துவ உலகம் வியந்த கண்டுபிடிப்பு ஒன்று நம் நெகிரி செம்பிலானில் இப்படிப்பட்ட கேள்வியிலிருந்துதான் தொடங்கியது. நூறாண்டுகளுக்கு முன் பெரிபெரி நோய் மலாயாவில் தொழிலாளர்களைக் கொன்று குவித்தது. இம்மாநில அரசு மருத்துவராக இருந்த பிராடன் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய வெள்ளை அரிசி உண்ட சீனத் தொழிலாளர்கள் விழுந்தார்கள். புழுங்கலரிசி உண்ட தமிழர்கள் தப்பினார்கள். 1907இல் அதை நூலாகவும் எழுதினார். (அரிசியில் நஞ்சு இருக்கிறது என்று அவர் சொன்ன காரணம் தவறு. கவனித்தது சரி.) பிறகு பிரேசரும் ஸ்டாண்டனும் ஜெலுபுவில் சாலை போட வந்த சுமார் 300 ஜாவா தொழிலாளர்களை இரு பிரிவாக்கிச் சோதித்தார்கள். வெள்ளை அரிசி உண்ட பிரிவில்தான் நோய் கண்டது. தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் சத்துதான் காரணம் என்பது பின்னால் தெளிவானது. நம் பாட்டன்மார் சோற்றுத் தட்டு அந்த ஆய்வுக்குச் சாட்சியாக இருந்தது.

அதே மாநிலத்தில் 1998-99இல் நிப்பா வந்தது. புக்கிட் பெலாண்டோக் வட்டாரம் காலியானது. நாட்டில் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்தார்கள். முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். புதிய கிருமி என்பதை மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999இல் கண்டறிந்தார்கள். நோயாளிகளைக் கவனித்த மருத்துவமனைப் பணியாளர்களிடம் இரத்தம் எடுத்து, அவர்களுக்கும் தொற்றியதா என்று ஆராய்ந்தார்கள். தேவையான ஆய்வுதான். ஆனால் கட்டிலருகே இரவெல்லாம் நின்ற தாதியர் தாங்கள் கண்டதைத் தாங்களே ஆய்வாக எழுதும் பயிற்சி பெற்றிருந்தால்?

எல்லாத் தாதியரும் முனைவர் பட்டம் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோர் மூன்றாண்டு டிப்ளோமா படித்து வேலைக்கு வருகிறார்கள். வார்டில் நிற்கவே நேரம் போதவில்லை. அவர்களுக்கு வேண்டியது வாரத்தில் அரை நாள், புள்ளிவிவரம் சொல்லித்தர ஓர் ஆள், கேள்வியைத் திருத்திக் கொடுக்க ஒரு விரிவுரையாளர். இயன்முறை சிகிச்சையாளர், உணவியலாளர் ஆகியோருக்கும் இதுவே பொருந்தும். சிரம்பானில் பெரிய அரசு மருத்துவமனை இருக்கிறது, மருத்துவ மாணவர்கள் பயிலும் வளாகம் இருக்கிறது. ஆள் இல்லாமல் இல்லை.

நம் சமுதாயத்துக்கு இதில் தனி அக்கறை உண்டு. நாட்டில் இனிப்புநீர் நோய் அதிகம் காணப்படுவது இந்தியர்களிடம்தான் என்று தேசிய ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. பாரத்தில் எழுதாததை ஒரு தொழிலாளி தமிழில் கேட்கும் தாதியிடம் சொல்லிவிடுவார். அந்தப் பதில் வேறு யாருக்குக் கிடைக்கும்? தோட்டப் பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்தும் நாம், புள்ளியியல் படித்த இரண்டு மாணவர்களை ஒரு தாதிக்கு வார இறுதியில் அனுப்ப முடியாதா?

போன மாதம் அக்காள் கேட்டார், “இந்தப் புத்தகத்தை ஆய்வு என்று ஒத்துக்கொள்வார்களா?” ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆய்வு நெறிக்குழுவின் அனுமதி வாங்கிப் புதிதாகத் தொடங்க வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சரி தம்பி, அந்தப் பாரத்தை எடுத்துக்கொண்டு வா” என்றார்.