மறைத்து உண்ணும் மருந்து

 

போதையூட்டும் யாவும் ஹராம் என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும், ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள விரும்புவோருக்கு மருத்துவர் அளந்து கொடுக்கும் மெத்தடோனையும் ஹராம் என்றே ஒதுக்குவோர் உளர். மலேசியாவில் இச்சிகிச்சை 2005 முதல் நடைபெற்று வருகிறது. 2010 இல் கோலாலம்பூர் அர்ரஹ்மான் பள்ளிவாசலிலேயே இம்மருந்தை வழங்கும் ஏற்பாடு தொடங்கியது. நோய் தீர, மருத்துவர் மேற்பார்வையில் உண்பது சிகிச்சையே என்பது நமது நிலைப்பாடு.

எனினும், இது எச்சரிக்கையுடன் கையாள வேண்டிய மருந்து. அமெரிக்காவில் 2009 இல் எழுதப்பட்ட வலிநிவாரணிச் சீட்டுகளில் மெத்தடோனுக்குரியவை நூற்றுக்கு இரண்டு மட்டுமே. அவ்வகை மருந்துகள் மிகுந்து நேர்ந்த மரணங்களிலோ மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமாக மெத்தடோனே காரணம். வலி தணிந்திருப்பது சில மணி நேரமே. மருந்து உடலில் தங்குவதோ நாள்கணக்கில். வலி திரும்பியதென மீண்டும் விழுங்குபவரின் மூச்சு உறக்கத்திலேயே அடங்கிவிடக்கூடும். தூக்க மாத்திரைகளும் மதுவும் மூச்சை மந்தப்படுத்துபவையே. அவை இதனுடன் சேரும்போது ஆபத்து பன்மடங்காகிறது. எனவேதான் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016 இல் இத்தகைய கூட்டு குறித்துக் கடுமையான எச்சரிக்கையை அச்சிடுமாறு ஆணையிட்டது.

இதில் குடும்பத்தாராகிய நமது பொறுப்பு யாது? ஊரார் ஏசுவர் என்றஞ்சி, உண்ணும் மருந்தை மறைக்கச் செய்கிறோம். வீட்டில் மறைத்துப் பழகியவர், உறக்கமின்மைக்காகச் செல்லும் வேறொரு மருத்துவரிடமும் மறைக்கிறார். அவர் அறியாமல் தூக்க மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். நமது ஏச்சுக்கு அஞ்சிய ஒருவர் இவ்வாறு உயிரையே இழக்க நேரிடலாம்.

ஆகவே, உண்ணும் மருந்துகள் அனைத்தையும் ஒவ்வொரு மருத்துவரிடமும் சொல்ல வேண்டும். ஒருவருக்கு எழுதிய மருந்தை மற்றவருக்குக் கொடுத்தலாகாது. ஒருவேளை அளவே குழந்தையின் உயிரைப் பறிக்கக்கூடும். பூட்டி வைத்தல் அவசியம். எழுப்பியும் விழிக்காமல், வழக்கத்துக்கு மாறாகக் குறட்டை விட்டு, உதடுகள் நீலம் பாய்ந்திருந்தால், அசதியில் உறங்குகிறார் என்று விட்டுவிடாமல் உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

உயிர் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். ஜனாஸாவின் முன் நின்று துஆச் செய்வதற்கு முன்பே, மீள விரும்புபவருக்குத் துணை நிற்போம். வல்ல ரஹ்மான் அதற்கு நல்லருள் புரிவானாக! ஆமீன்.