மடிக்கணினியைக் கைப்பேசியாக்குவோர் கவனத்திற்கு

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 இல்லாத மடிக்கணினிகள் பல்கலைக்கழகத் துறைகளின் அலமாரிகளில் அடைக்கலம் புகுந்துள்ளன. அவற்றுக்கு மறுவாழ்வு தருவதாகக் கூறும் ஓர் ஆலோசனை கல்விப்புலத்தில் உலவுகிறது: ஆண்ட்ராய்டு-எக்ஸ்86, பிளிஸ் ஓஎஸ், இந்தியாவில் உருவான பிரைம் ஓஎஸ் ஆகியவற்றுள் ஒன்றை நிறுவி ஆய்வு மாணவர்களிடம் கொடுத்துவிடலாம், கைப்பேசியில் பழகிய கைதானே, தயங்காது என்கிறார்கள். அக்கறையின் குரலில் சொல்லப்படும் இந்த ஆலோசனை மாணவர்க்குத் தீங்கே செய்யும்.

முதலில் சிறு குறைகள். ஆண்ட்ராய்டு செயலிகள் பலவற்றின் உட்பகுதிகள் ஆர்ம் வகைப் பிராசஸருக்கென எழுதப்பட்டவை. மடிக்கணினியில் இருப்பதோ இன்டெல் அல்லது ஏஎம்டி. இடையில் ஒரு மொழிபெயர்ப்பு அடுக்கு நின்று கட்டளைகளை மாற்றித் தர வேண்டும். மொழிபெயர்ப்பில் எதுவும் இழக்கப்படாது என்று மொழியியலாரே நம்புவதுதான் வியப்பு. ஆண்ட்ராய்டு-எக்ஸ்86 திட்டத்தின் நிலையான பதிப்புகள் 2018-இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 9-ஐத் தாண்டவில்லை. பாதுகாப்பு ஆதரவு இழந்த ஒன்றை நீக்கிவிட்டு, அதைவிட நெடுநாள் முன்பே ஆதரவு இழந்த மற்றொன்றைக் குடியேற்றுவதற்குப் பெயர் மறுவாழ்வா? பிளிஸ் ஓஎஸ் இவ்வகையில் மேலானது. அது அண்மைக்கால ஆண்ட்ராய்டுகளையும் தழுவியிருக்கிறது.

பெருங்குறை வடிவமைப்பிலேயே உள்ளது. ராஞ்சி வட்டாரச் சிற்றூர் ஒன்றில் குடுக் மொழிக் கதைகளைப் பதிவுசெய்யும் ஒரு மாணவியை எண்ணிப் பார்க்கலாம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரட்டைத் தடத்தில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 1 ஜிபி இடம் கொள்ளும். அதனோடு பிராட்டில் உருவாகும் டெக்ஸ்ட்கிரிட் கோப்பு, ஈலானில் எழுதிய குறியீட்டுக் கோப்பு, கதைசொல்லியின் ஒப்புதல் படிவம், நாளும் இடமும் குறித்த அட்டவணை. இவை அனைத்தும் ஒரே பெயர் முறையில், ஒரே கோப்புறையில் இருந்தாக வேண்டும். ஈலான் கோப்பு ஒலிக்கோப்பைத் தன்னுள் கொள்வதில்லை. அது இருக்குமிடத்தை மட்டுமே குறித்து வைக்கிறது. அந்த இடம் குழம்பினால் எழுத்து ஓரிடத்தில், குரல் ஓரிடத்தில்.

பிராட், ஈலான் இரண்டும் மேசைக்கணினி அமைப்புகளுக்காக எழுதப்பட்டவை. ஆண்ட்ராய்டோ ஒவ்வொரு செயலியையும் தனித்தனி அறையில் பூட்டி வைக்கிறது. ஆண்ட்ராய்டு 11 முதல் அந்தப் பூட்டு மேலும் இறுகிவிட்டது. கைப்பேசிக்கு அது சரியே. டார்ச் செயலிக்குத் தொடர்பு எண்கள் எதற்கு? ஆனால் ஆய்வு என்பதே ஒரு தரவைப் பல கருவிகளிடம் மாறி மாறிக் கொடுத்து வாங்கும் வேலை. செயலி மட்டுமே கண்ணுக்குத் தெரிந்து கோப்பு மறையும் இடத்தில், தன் தரவு எங்கே இருக்கிறது என்பதே மாணவிக்குத் தெரியாமல் போகிறது. காப்புநகல் எடுக்கவும், ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்கவும், கதை சொன்ன ஊருக்கே ஒரு படி திருப்பித் தரவும் அந்த அறிவு தேவை.

“ஆண்ட்ராய்டின் அடியிலும் லினக்ஸ் கெர்னல்தானே” என்பார்கள். உண்மை. டெர்மக்ஸை நிறுவிக் கட்டளை வரியில் பல வேலைகளைச் செய்துகொள்ளவும் முடியும். அவ்வளவு தெரிந்தவருக்கு நேரடியாக லினக்ஸை நிறுவுவதில் என்ன தடை?

“மாணவர்களுக்குக் கைப்பேசிதான் பழக்கம்” என்ற வாதமே எல்லாவற்றிலும் கொடியது. யாருடைய பழக்கம் இங்கே பேசப்படுகிறது? வசதியுள்ள வீட்டு மாணவர் தம் சொந்த மடிக்கணினியோடு வருகிறார். அவருக்கு யாரும் ஆண்ட்ராய்டைப் பரிந்துரைப்பதில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிக்குத்தான் விசைப்பலகை ஒட்டிய பெரிய கைப்பேசி போதும் எனத் தீர்மானிக்கப்படுகிறது. இல்லாமையைப் பழக்கம் என்று பெயர் மாற்றி, அதையே பாடத்திட்டமாக்குவது கல்வி நிறுவனத்தின் வேலையன்று. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் கைட் நிறுவனம் தொகுத்து வழங்கும் உபுண்டு அடிப்படையிலான இயங்குதளத்தில் பல ஆண்டுகளாகக் கணினிக் கல்வி நடைபெறுகிறது. பள்ளிப் பிள்ளைகளால் இயன்றது முனைவர் பட்ட ஆய்வாளரால் இயலாது என்று எந்த நெறியாளர் முடிவு செய்தார்?

காணொளிப் பாடம் பார்க்கவும் பிடிஎஃப் படிக்கவும் மட்டும் ஒரு கருவி வேண்டுமெனில், வாசிப்பறையில் ஒன்றிரண்டில் ஆண்ட்ராய்டு இருந்துவிட்டுப் போகட்டும். பழைய கைப்பேசிகளையே முழு லினக்ஸ் கணினிகளாக்கும் முயற்சியாக 2017-இல் போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ் தொடங்கியது. இங்கே கணினியைக் கைப்பேசியாக்க அவசரப்படுகிறார்கள்.

4 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினியில் எக்ஸ்எஃப்சிஇ முகப்புடன் லினக்ஸ் மிண்ட் ஓடும். வன்தட்டில் எதையும் அழிக்காமல், பென் டிரைவிலிருந்தே இயக்கி வைஃபை, ஒலிவாங்கி, தமிழ்99 தட்டச்சு அனைத்தையும் முதலில் சோதித்துப் பார்க்கலாம். துறைத்தலைவர்கள் அலமாரிச் சாவியைக் கொடுத்தால், ஒரு பிற்பகல் போதும்.