நான்காவது பாடத்தைப் பிள்ளைகளின் விருப்பத்துக்கு விடுங்கள்

மாண்புமிகு பள்ளிக்கல்வித்துறை அமைச்சர் அவர்களுக்கு,

முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பிளஸ் டூ மாணவர்கள் விரும்பினால் கணக்கை விட்டுவிடலாம் என்ற அனுமதியைக் கேட்டுத்தான் இந்த மடலை எழுதுகிறேன். கணக்கு வாத்தியாரே இப்படிக் கேட்கலாமா என்று என்னோடு வேலை பார்த்தவர்கள் வருத்தப்படுவார்கள். எனக்கும் இதை எழுத மனம் எளிதில் வரவில்லை.

நான் கடைசியாக வேலை பார்த்தது கிராமப்புறப் பள்ளி. அங்கே இரண்டே குரூப்: பயோ-மேத்ஸ், காமர்ஸ். நகரத்தின் பெரிய பள்ளி என்றால் கணக்கு இல்லாத பியூர் சயின்ஸ் இருக்கும், உயிரியல் இல்லாத கம்ப்யூட்டர் குரூப் இருக்கும். எங்கள் ஊரில் நர்ஸ் ஆக நினைக்கும் பிள்ளை கணக்கும் எழுதியாக வேண்டும். இன்ஜினியரிங் போக நினைக்கும் பிள்ளை தாவரவியலும் விலங்கியலும் படித்தாக வேண்டும். தமிழ், ஆங்கிலம், நான்கு முதன்மைப் பாடங்கள் என மொத்தம் ஆறு தேர்வு, 600 மதிப்பெண்.

அப்படி ஒரு பெண் என்னிடம் படித்தாள். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். பி.எஸ்ஸி. நர்சிங் தவிர வேறு எதையும் அவள் நினைத்ததில்லை. உயிரியலில் 91 எடுத்தாள். வேதியியலில் 80, இயற்பியலில் 74. கணக்கில் 31. தேர்ச்சிக்கு 35 வேண்டும். நர்சிங் சேர்க்கைக்கான தரவரிசையில் கணக்கு மதிப்பெண் சேராது. ஆனாலும் அந்த நான்கு மதிப்பெண் அவளைத் தேர்ச்சி பெறாதவள் ஆக்கியது. துணைத்தேர்வில் தேறிவிட்டாள். அதற்குள் அந்த ஆண்டுச் சேர்க்கை கைநழுவிவிட்டது. அவளுக்குக் கணக்கு நடத்தியவன் நான். கடைசி மூன்று மாதமும் மாலையில் உட்கார வைத்து வகைநுண்கணிதம் சொல்லிக் கொடுத்தேன். அந்த மாலைகளை அவள் உயிரியலுக்குச் செலவிட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

இன்ஜினியரிங் பக்கமும் இதே கதைதான். கட்-ஆஃப் 200-க்குக் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. உயிரியலுக்கு அங்கே இடமே இல்லை. நீட் எழுதுகிறவர்களுக்குக் கணக்கு இல்லை. ஆக, பயோ-மேத்ஸ் படிக்கும் பெரும்பாலான பிள்ளைகள், தாங்கள் போகப்போகும் வாசலில் யாரும் கேட்காத ஒரு பாடத்தைச் சுமந்துகொண்டே கடைசி ஆண்டை ஓட்டுகிறார்கள்.

இது அரசுக்குத் தெரியாத செய்தி அல்ல. மூன்று முதன்மைப் பாடம் போதும், 500 மதிப்பெண்ணுக்கு எழுதலாம் என்று 2019-இல் அரசாணையே வந்தது. 2020-21 கல்வியாண்டில் தொடங்க வேண்டியது. தொடங்குவதற்கு முன்பே, 2020-இல் அது திரும்பப் பெறப்பட்டது. அன்றைக்கு ஆசிரியர் அறையில் நானும் அந்த ஆணையை எதிர்த்துப் பேசியவன். பதினைந்து வயதில், பத்தாம் வகுப்பு முடித்த கையோடு, ஒரு பிள்ளை எப்படிக் கணக்கையோ உயிரியலையோ அடியோடு விடலாம்? கணக்கை விட்டால் இன்ஜினியரிங் மட்டுமல்ல, புள்ளியியல், கட்டடக்கலை எல்லாமே அடைபட்டுப் போகும். சிறிய பள்ளியில் பாடத்துக்கு ஆள் குறைந்தால் ஆசிரியர் பணியிடமும் போய்விடும். அந்தப் பயங்கள் நியாயமானவை. இன்றும் அவற்றை நான் மறுக்கவில்லை.

ஆனால் நிலைமை மாறியிருக்கிறது. பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு நீக்கப்பட்டுவிட்டது. அதை மனதார வரவேற்கிறேன். பிள்ளைகளுக்கு ஓராண்டு மூச்சுவிடக் கிடைத்திருக்கிறது. அந்த ஓராண்டில் நான்கு பாடங்களையும் எல்லாரும் படிக்கட்டும். தமக்கு எது வரும், எது வராது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். பிறகு பிளஸ் டூவில் நுழையும்போது, மூன்றா நான்கா என்பதைப் பிள்ளையும் பெற்றோரும் முடிவு செய்யட்டும். பிளஸ் ஒன்னில் நான்கு பாடமும் நடக்கும் என்பதால் பணியிடம் போகும் என்ற பயத்துக்கும் அவ்வளவாக இடமில்லை. ஒன்று மட்டும் கறாராக வேண்டும்: முடிவு பிள்ளையுடையதாக இருக்க வேண்டும். தேர்ச்சி விகிதம் குறையுமே என்று பள்ளியே ஒரு பிள்ளையின் கணக்கைப் பிடுங்கிவிடக் கூடாது.

நான்கையும் விரும்பி எடுக்கும் பிள்ளைகளும் இருப்பார்கள். அவர்களுக்காகவும் ஒன்று கேட்கிறேன். சி.பி.எஸ்.இ.யில் ஐந்து பாடம் கட்டாயம், ஆறாவது விருப்பம். ஐந்தில் ஒன்றில் சறுக்கினால், விதிகளுக்கு உட்பட்டு அந்த ஆறாவது பாடம் அதன் இடத்தில் வந்து பிள்ளையைக் காப்பாற்றுகிறது. நம்மிடமும் ஆறு பாடம்தான். ஆனால் ஆறில் எது சறுக்கினாலும் பிள்ளை விழுந்துவிடுகிறது. கூடுதலாக ஒரு பாடம் படித்த பிள்ளைக்கு அந்த உழைப்பு ஊன்றுகோலாக இருக்க வேண்டாமா? நான்காவது பாடத்தின் மதிப்பெண்ணைச் சான்றிதழில் அச்சிடுங்கள். தேர்ச்சிக்கு மட்டும் அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

நான் சொன்ன பெண்ணின் தங்கை இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு எழுதியிருக்கிறாள். அவளுக்கும் உயிரியல் என்றால் உயிர். "எந்த குரூப்ல சேர்க்கட்டும் சார், நீங்களே சொல்லுங்க" என்று அவர்கள் அம்மா வீட்டுக்கே வந்து கேட்டுவிட்டுப் போனார். ஊரில் இருப்பது அதே இரண்டு குரூப்தான். அவருக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்