சூடு வச்சா கேன்சர் போயிடுமா?

ஆபரேஷன் வேண்டாம், ரேடியேஷன் வேண்டாம், ஒலி அலையால சூடு வச்சே புராஸ்டேட் கேன்சரைக் கரைச்சுடலாம்னு விளம்பரம் வந்துக்கிட்டே இருக்கு. அதை அப்படியே பத்துப் பேருக்கு அனுப்பி வைக்கிற நண்பர்களும் இருக்காங்க. தொழில்நுட்பத்து மேல எனக்குக் கோபமில்லைங்க. அதை விக்கிற விதத்துலதான் எரிச்சல்.

முதல்ல சரக்கு என்னன்னு பார்த்துடுவோம். கனடா கம்பெனி ஒண்ணு தயாரிக்கிற 'டல்சா-ப்ரோ'வையே எடுத்துக்குவோம். நோயாளியை எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள்ள படுக்க வச்சு, சிறுநீர்க் குழாய் வழியா மெல்லிசான அல்ட்ராசவுண்ட் கம்பி ஒண்ணை உள்ள விடறாங்க. அது மெதுவாச் சுத்திச் சுத்தி உள்ளேருந்து வெளியே சுரப்பியைச் சுடுது. திசு சாகறதுக்கு 55 டிகிரி செல்சியஸ் போதும். எந்த இடத்துல எவ்வளவு சூடுன்னு எம்.ஆர்.ஐ. அளந்து சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டர் கூட்டிக் குறைக்குது. மலக்குடல் வெந்துடாம இருக்க அங்கே குளிர்ந்த தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும். அருமையான பொறியியல், சந்தேகமே இல்லை.

இப்ப விஷயத்துக்கு வருவோம். "அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி பெற்றது"ன்னு கொட்டை எழுத்துல போடறாங்களே, எதுக்கு அனுமதின்னு யாராவது படிச்சீங்களா? 2019 ஆகஸ்டில் இந்தக் கருவிக்குக் கிடைச்ச அனுமதி "புராஸ்டேட் திசுவை அழிக்க". "புராஸ்டேட் புற்றுநோயைக் குணப்படுத்த" இல்லை. வார்த்தை விளையாட்டுன்னு நினைச்சுடாதீங்க. இதே குடும்பத்தைச் சேர்ந்த 'சோனாபிளேட்', 'ஏபிளாதெர்ம்' ரெண்டும் 2014-ல் புற்றுநோய் சிகிச்சைன்னு சொல்லித்தான் எஃப்.டி.ஏ. கதவைத் தட்டிச்சு. ஆதாரம் போதாதுன்னு நிபுணர் குழுக்கள் கையை விரிச்சுட்டாங்க. அடுத்த வருஷமே, 2015-ல், 'திசு அழிப்பு'ங்கிற பேர்ல ரெண்டும் உள்ளே வந்துடுச்சு. மெஷின் அதேதான், சீட்டுல இருக்கற வார்த்தைதான் வேற. திசுவை அழிக்குதுன்னு காட்டறது சுலபம். சூடு வச்சா எந்தத் திசுதான் பிழைக்கும்? அந்த ஆள் அதனால கூடுதல் வருஷம் வாழ்ந்தாரான்னு காட்டறதுதான் கஷ்டம்.

அடுத்தது, நம்பர் வித்தை. டல்சாவுக்கான முக்கியச் சோதனையில 115 பேர். அதுல 96 சதவீதம் பேருக்கு பி.எஸ்.ஏ. முக்கால் பங்குக்கு மேல குறைஞ்சுது. விளம்பரத்துல இதுதான் முன்னாடி நிக்கும். ஆனா பி.எஸ்.ஏ.வைச் சுரக்கறது கேன்சர் மட்டும் இல்லை, நல்ல புராஸ்டேட்டும்தான். சுரப்பியில பெரும்பகுதியைச் சுட்டுட்டா பி.எஸ்.ஏ. குறையாம என்ன செய்யும்? அடுப்பை உடைச்சுட்டு புகை நின்னுடுச்சுன்னு சொல்ற கதை. அதே சோதனையில ஒரு வருஷம் கழிச்சு 111 பேருக்கு பயாப்ஸி எடுத்தாங்க. கேன்சர் தடயமே இல்லாதவங்க 72 பேர். மீதி 39 பேருக்கு ஏதோ ஒரு அளவுல இருந்துச்சு. இந்த 39 எந்த விளம்பரத்துலயாவது பெரிய எழுத்துல வந்திருக்கா? கூடவே இன்னொண்ணு: அதுல ஒப்பிட்டுப் பார்க்க வேற குழுவே கிடையாது.

"பக்க விளைவு இல்லை"ங்கறதும் அப்படித்தான். ஒரு வருஷம் கழிச்சு விறைப்புத் தன்மை தக்க அளவுல இருந்தது 92 பேர்ல 69 பேருக்கு. ஆபரேஷனோட ஒப்பிட்டா இது நல்ல கணக்குதான், மறுக்கலை. ஆனா நாலுல ஒருத்தர் இழந்திருக்கார். அவர்கிட்ட போய் 'பக்க விளைவு இல்லை'ன்னு சொல்லிப் பாருங்க.

எனக்கு நிஜமாவே வயித்தெரிச்சல் எதுலன்னா, எதோட ஒப்பிடறாங்கங்கறதுலதான். எப்பவும் கத்தியோட, கதிரோட. சும்மா இருந்து கவனிக்கறதோட ஒப்பிட மாட்டாங்க, அதுல விக்க ஒண்ணுமில்லையே :-) பிரிட்டன்ல 'ப்ரோடெக்ட்' ஆய்வுல 1,643 பேரை மூணு குழுவாப் பிரிச்சு 15 வருஷம் பார்த்தாங்க. 2023-ல் முடிவு வந்தது. கவனிப்பு மட்டும் செஞ்ச 545 பேர்ல புராஸ்டேட் கேன்சரால இறந்தவங்க 17 பேர். ஆபரேஷன் குழுவுல 553-ல் 12. கதிர்வீச்சுல 545-ல் 16. கவனிப்புக் குழுவுல நோய் பரவினது மத்த ரெண்டையும் விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு, அதையும் சொல்லணும். அவங்கள்ல பாதிப் பேருக்கு மேல பின்னாடி சிகிச்சையும் எடுத்துக்கிட்டாங்க. ஆனாலும் அவசரப்பட்டு எதையும் சுட வேண்டிய அவசியம் இல்லாத ஆளுங்க ஏராளம்னு தெரியுதில்ல? தீவிரம் குறைஞ்ச கேன்சர்காரர் கிட்ட இந்தக் கணக்கைச் சொல்லாம மெஷினை மட்டும் காட்டறது எந்த ஊர் நியாயம்?

நடுத்தரத் தீவிரம், கட்டி ஒரே இடத்துல இருக்கு, ஸ்கேன்ல தெளிவாத் தெரியுது, இப்படிப்பட்டவங்களுக்கு இது நல்ல வழியா அமையலாம். ரேடியேஷன் கொடுத்தும் திரும்பி வந்தவங்களுக்கும் யோசிக்கலாம். அதை டாக்டர் பயாப்ஸி ரிப்போர்ட்டை வச்சு முடிவு பண்ணணும், ஃபார்வர்டு மெசேஜ் முடிவு பண்ணக் கூடாது. ஆபரேஷன் செய்யறவர் கத்தியைத்தான் சிபாரிசு பண்ணுவார், கதிர் வைக்கறவர் கதிரைத்தான் சொல்லுவார்னு புலம்பறோமே, மெஷின் விக்கறவர் மட்டும் மகாத்மாவா?

ஆபரேஷனோட நேரடியா மோதவிட்டுப் பார்க்க 'கேப்டன்'னு ஒரு சோதனை ஆரம்பிச்சிருக்காங்க, சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரிச்ச ஆட்களோட. செய்ய வேண்டியது அதைத்தான். கேன்சர் விஷயத்துல அது என்ன சொல்லுதுன்னு சில வருஷம் பொறுத்துப் பார்ப்போம். முடிவு நல்லா வந்தா நானே முதல் ஆளா இங்க எழுதறேன். அதுவரைக்கும் அந்த விளம்பரத்தை எனக்கு அனுப்பாதீங்க சாமிகளா.